கையில் ரேடார் கன் இருக்கிறது. சாலையில் வேகத்தை எப்படி எடுப்பது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு கிராமம். சாலையோரத்திலேயே பள்ளிக்கூடம். வண்டிகள் பறக்கின்றன, வேகத்தடை வேண்டும் என்று ஊர் மனு கொடுக்கிறது. "எவ்வளவு வேகத்தில் போகின்றன என்று கணக்கு இருக்கிறதா?" என்று பதில் கேள்வி வருகிறது. ஊரைச் சேர்ந்த சிவில் மாணவர் ஒருவர் கல்லூரியிலிருந்து கையடக்க ரேடார் கன் ஒன்றை இரவல் வாங்கியிருக்கிறார். எங்கே நிற்பது, எத்தனை வண்டிகளை அளப்பது, எப்படி எழுதினால் அந்தக் கணக்கு எடுபடும் என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி. "பறக்கிறார்கள்" என்று சொல்லாத ஊர் இராமநாதபுரம் கடற்கரையில் இல்லை. எண்ணோடு வரும் ஊர்தான் அபூர்வம். ஆனால் தம்பி, விசையை அழுத்தினால் எண் வந்துவிடும், அதில் வித்தை ஏதும் இல்லை. எந்த வண்டியின் எண்ணை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்பதில்தான் மொத்த ஆய்வும் நிற்கிறது. அதனால் கருவியைப் பற்றிக் கொஞ்சமும், வண்டியைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி நிறையவும் சொல்கிறேன்.

கருவி வேலை செய்யும் விதம் எளிது. அது அனுப்பும் நுண்ணலை வண்டியில் பட்டுத் திரும்பும்போது, வண்டி நெருங்கி வந்தால் அலையின் அதிர்வெண் சற்றுக் கூடியிருக்கும். விலகிப் போனால் குறைந்திருக்கும். டாப்ளர் 1842இல் சொன்ன விளைவு இதுதான். கையடக்கக் கருவிகளில் பல 24.15 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் 'கே' வகை. அந்த அலைவரிசையில் மணிக்கு 1 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏறத்தாழ 45 ஹெர்ட்ஸ் வித்தியாசம் வரும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டிக்கு 2,680 ஹெர்ட்ஸ். இது காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் இருப்பதால், சில கருவிகள் அதை ஒலிபெருக்கியில் ஒலிக்கவும் செய்கின்றன. உங்கள் கருவியில் அந்த வசதி இருந்தால் அணைத்துவிடாதீர்கள். ஒரே வண்டி தெளிவாகப் பட்டால் ஒரே சீரான சீழ்க்கை கேட்கும். கரகரவென்று இரண்டு மூன்று ஒலிகள் கலந்து வந்தால், திரையில் என்ன எண் இருந்தாலும் அதை எழுதாதீர்கள். அரை மணி நேரப் பழக்கத்திலேயே காது கண்ணைவிட நம்பகமாகிவிடும்.

கருவியோடு ஓர் இசைக்கவை இருக்க வேண்டும். பெட்டியின் மூலையில் தேடிப் பாருங்கள். அதன் மேல் ஒரு வேகம் பொறித்திருக்கும். மரத்திலோ செருப்பின் அடிப்பகுதியிலோ தட்டி, கருவியின் முகப்புக்கு முன்னால் பிடித்தால், பொறித்த எண் திரையில் வர வேண்டும். 'கே' கருவிக்கு 50 என்று பொறித்த கவை, நொடிக்கு ஏறத்தாழ 2,236 முறை அதிரும்படி செய்யப்பட்டிருக்கும். அதையே 34.7 கிகாஹெர்ட்ஸ் 'கேஏ' கருவி முன் பிடித்தால் 35 என்று காட்டும். கருவி கெட்டுப்போனதாகப் பதற வேண்டாம், கவைதான் மாறியிருக்கிறது. வேலையைத் தொடங்கும் முன்பும் முடித்த பின்பும் இந்தச் சோதனையைச் செய்து, நேரத்தோடு தாளில் எழுதுங்கள். கவை தொலைந்திருந்தால், நண்பரின் காரை ஜிபிஎஸ் காட்டும் 50இல் சீராக ஓட்டச் சொல்லி அளந்து பாருங்கள். காரின் வேகமானியை நம்பாதீர்கள். அது பொதுவாகச் சற்றுக் கூட்டியே காட்டும்.

இனி நிற்கும் இடம். கருவி அளப்பது தன்னை நோக்கி வரும் அல்லது தன்னைவிட்டு விலகும் வேகத்தை மட்டும். நீங்கள் சாலைக்குப் பக்கவாட்டில் நிற்பதால் வண்டியின் பாதைக்கும் கருவியின் பார்வைக்கும் இடையே ஒரு கோணம் விழும். உண்மை வேகத்தை அந்தக் கோணத்தின் கொசைனால் பெருக்கினால் வரும் குறைந்த எண்தான் திரையில் தெரியும். வண்டி ஓடும் தடத்திலிருந்து நீங்கள் 5 மீட்டர் தள்ளி நிற்பதாக வைத்துக்கொள்வோம். உண்மை வேகம் 60. வண்டி 50 மீட்டர் தொலைவில் இருக்கும்போது அளந்தால் 59.7 வரும், அந்தக் குறை ஒன்றுமே இல்லை. 20 மீட்டரில் 58.2. 10 மீட்டரில் 53.7. பக்கத்தில் வரட்டும் என்று காத்திருந்து அளப்பவர் ஊருக்குப் பாதகமான கணக்கைத்தான் எடுத்துக்கொண்டு போவார். நின்ற இடத்திலிருந்து அளக்கும்போது இந்தப் பிழை எப்போதும் குறைத்தே காட்டும், கூட்டிக் காட்டாது. மேட்டிலோ மாடியிலோ நின்று கீழ்நோக்கி அளந்தாலும் இதே கதைதான்.

அப்படியானால் எட்டத்திலேயே அளந்துவிடலாமே என்று தோன்றும். அங்கே வேறு சங்கடம் இருக்கிறது. கருவியின் கற்றை டார்ச் வெளிச்சம் போல விரிந்துகொண்டே போகும். 12 பாகை அகலக் கற்றை 100 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 21 மீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். சாலை முழுவதும், இருபுறச் சீமைக்கருவேல மரங்களும் அதற்குள் அடக்கம். அதற்குள் இருக்கும் எல்லா வண்டிகளிலிருந்தும் எதிரொலி வரும். திரையில் ஏறுவது பெரும்பாலும் வலுவான எதிரொலி. வலு என்பது வண்டியின் உடலளவையும் தொலைவையும் பொறுத்தது. இந்தச் சாலையில் நாள்தோறும் நடப்பது இது: மீன் கூடையைப் பின்னால் கட்டிய பைக் ஒன்று முன்னால் வருகிறது, அதற்கு 30 மீட்டர் பின்னால் வாலிநோக்கம் பக்கத்திலிருந்து உப்பு ஏற்றிய லாரி. உங்கள் கண் பைக்கைப் பார்க்கிறது, கருவி லாரியைப் பார்க்கிறது. நீங்கள் "இருசக்கர வாகனம், 48" என்று எழுதுகிறீர்கள். பைக் 65இல் போயிருக்கும்.

இதற்கு ஒரே மருந்து, தனியாக வரும் வண்டியை மட்டும் எடுப்பது. சாலையோரத்தில் இரண்டு அடையாளங்கள் வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து 40 மீட்டரில் ஒன்று, 80 மீட்டரில் ஒன்று. மின்கம்பமோ கிலோமீட்டர் கல்லோ போதும். வண்டி அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும்போது மட்டும் விசையை அழுத்துங்கள். கருவியில் தொலைவைக் குறைக்கும் வசதி இருந்தால் அதைக் கீழே இறக்கிவையுங்கள். 'வேகமான வண்டி' என்று தனியாக ஒரு முறை சில கருவிகளில் இருக்கும். கூட்டத்தில் யார் அதிவேகமாகப் போகிறார் என்று பிடிக்க அது காவல்துறைக்கு உதவும், ஆய்வுக்கு அதைத் தொடவே கூடாது.

லேசர் கன் கிடைத்தால் இந்தத் தலைவலி பாதி தீரும். அதன் கற்றை 300 மீட்டரில்கூட ஒரு மீட்டர் அளவுக்குத்தான் விரியும். எந்த வண்டியைக் குறிபார்த்தீர்களோ அதன் வேகம்தான் வரும். பைக்கும் ஆட்டோவும் லாரியும் கலந்து ஓடும் நம் சாலைகளுக்கு நான் அதைத்தான் விரும்புவேன். ஆனால் விலை அதிகம், குறிபார்க்கக் கை நிதானமாக இருக்க வேண்டும். போக்குவரத்து அடர்த்தி குறைந்த உங்கள் சாலைக்கு ரேடாரே போதும். கிரிக்கெட் பந்துவீச்சை அளக்க விற்கும் மலிவான ரேடார்கூட, தனி வண்டி, சிறிய கோணம் என்ற இரண்டு விதிகளைக் கடைப்பிடித்தால் படிப்புக்கான ஆய்வுக்கு உதவும்.

தனி வண்டி என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முன்னால் போகும் பேருந்தை முந்த முடியாமல் 40இல் ஊரும் காரின் வேகம், அந்தக் கார் ஓட்டியின் வேகம் அல்ல, பேருந்தின் வேகம். சாலை இடம் கொடுத்தால் ஓட்டுநர் தானாக எந்த வேகத்தைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதே உங்களுக்கு வேண்டியது. முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் குறைந்தது 4 நொடி இடைவெளி இருந்தால் எடுங்கள். வரிசையாக வந்தால் தலைவண்டியை மட்டும் எடுங்கள், பின்னால் வருபவற்றை விட்டுவிடுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து உங்கள் ஆசைதான். வேகத்தடை வேண்டும் என்று வந்திருக்கிறீர்கள். சத்தம் போட்டுக்கொண்டு வரும் பைக்கின் பக்கம் கை தானாகத் திரும்பும், மெதுவாக வரும் டிவிஎஸ் 50 பெரியவரை விட்டுவிடும். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை, ஆனால் எல்லோருக்கும் நடக்கிறது. அதனால் முன்கூட்டியே விதி வகுத்துக்கொள்ளுங்கள்: தகுதியுள்ள ஒவ்வொரு மூன்றாவது வண்டி, அல்லது ஒன்றை எழுதி முடித்த பின் முதல் அடையாளத்தைத் தாண்டும் அடுத்த வண்டி. எந்த வண்டி என்று கருவி பிடிப்பவர் முடிவு செய்யக் கூடாது, எழுதுபவர் சொல்ல வேண்டும். இருவர் இல்லாமல் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம்.

தாளில் நேரம், திசை, வண்டி வகை, வேகம், குறிப்பு என ஐந்து கட்டங்கள் போதும். வகையை இருசக்கர வாகனம், ஆட்டோ, கார், குட்டி யானை, பேருந்து, லாரி என்று பிரியுங்கள். மினி லாரியைக் குட்டி யானை என்றே எழுதினாலும் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குறிப்புக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். "ஆட்டு மந்தை கடந்தது", "எதிர் வண்டி லைட் அடித்தது" போன்றவை பிறகு கணக்குப் பார்க்கும்போது பொன்னாக உதவும்.

லைட் அடிப்பது என்றதும் அடுத்த சிக்கல். நம் ஊரில் சாலையோரம் ஒருவர் கையில் துப்பாக்கி மாதிரி எதையாவது பிடித்து நின்றால், காக்கியே இல்லாவிட்டாலும், ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போய்விடும். அதோடு நிற்காது, அவர் எதிரே வரும் பத்து பேருக்கு விளக்கடித்துச் சேதி சொல்லிவிட்டுத்தான் போவார். இந்த ஒற்றுமை நமக்கு வேறு எதிலும் வருவதில்லை. கால் மணி நேரத்தில் சாலை முழுவதும் பரம சாதுவாகிவிடும், உங்கள் கணக்கும் வீணாகிவிடும். ஆகவே வருகிற வண்டியை அளக்காமல், கடந்து போகிற வண்டியைப் பின்னாலிருந்து அளங்கள். டாப்ளர் கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான். டீக்கடைப் பந்தலோ நிறுத்திய சாதாரண காரோ மறைவுக்கு ஏற்றது. காக்கிச் சட்டையும் தொப்பியும் வேண்டாம். பளபளக்கும் பாதுகாப்பு அங்கியைப் பற்றி மட்டும் எனக்குச் சமரசம் இல்லை: சாலை ஓரத்தில், தார் விளிம்பிலிருந்து சில மீட்டருக்குள் நிற்பதானால் அங்கி கட்டாயம். அது வேண்டாம் என்றால் காருக்குள் இருங்கள். காருக்குள் இருந்து அளக்கும்போது ஏசியை அணைத்துவிடுங்கள். அதன் விசிறி சுழல்வதையும் கருவி ஒரு வண்டியாக நினைத்து எண் காட்டும். கண்ணாடியை இறக்கிவிட்டு அளப்பது இன்னும் நல்லது.

ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் சாலையே காலியாக இருக்கும்போது திரையில் சின்ன எண்கள் தோன்றி மறையும். கருவேலங்கிளை ஆடுவதுதான் காரணம். சின்ன வேகங்களைத் தள்ளிவிடும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நாள் வேலைக்குள் கடற்காற்றின் உப்பு மின்கல முனைகளில் பூத்துவிடும். மாலையில் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். மின்கலம் இறங்கினால் எச்சரிக்கை காட்டும் கருவிகளே பெரும்பாலானவை. எச்சரிக்கை வந்த பிறகு எடுத்த எண்களைச் சேர்க்காதீர்கள்.

அளக்கும் இடம் நேரான சாலையாக இருக்க வேண்டும். வளைவு, சந்திப்பு, பேருந்து நிறுத்தம், காவல்துறை வைத்த இரும்புத் தடுப்பு எதுவும் அருகில் இருக்கக் கூடாது. ஊருக்கு ஊர் தடுப்பு வைத்திருக்கும் சாலையில் இது கொஞ்சம் தேடித்தான் கிடைக்கும். கற்றுக்கொள்ள ஓர் இடம் வேண்டுமானால், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017இல் திறந்த தனுஷ்கோடி சாலைக்குப் போய் வாருங்கள். இருபுறமும் கடல், மரமில்லை, வளைவில்லை. கருவி எவ்வளவு தொலைவிலிருக்கும் வண்டியைப் பிடித்துக்கொள்கிறது என்று அங்கே பார்த்தால்தான் 80 மீட்டர் விதி ஏன் என்று புரியும். பயிற்சிக்கு மட்டும்தான் அந்த இடம். மணல் ஏறிக் கிடக்கும் சாலையில், நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்திப் படமெடுக்கும் சுற்றுலாக்காரர்களின் வேகத்தை வைத்து வேறு எந்தச் சாலையைப் பற்றியும் பேச முடியாது. பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று அளக்க ஆசைப்பட வேண்டாம். 1988இல் திறந்த அந்த 2.3 கிலோமீட்டர் பாலத்தில், கீழே ரயில் வரும் நேரமெல்லாம் வண்டிகள் ஓரங்கட்டி நிற்கும். அங்கே நிலவுவது நெரிசலின் வேகம், தவிர நிற்கவும் பாதுகாப்பான இடமில்லை. உச்சிப்புளிப் பக்கம் போனால், அருகில் கடற்படை விமானத் தளம் இருப்பதை மறக்காமல், காவல் நிலையத்தில் கடிதம் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உங்கள் ஊரிலும் அந்தக் கடிதம் கையில் இருந்தால் விளக்கம் சொல்லும் நேரம் மிச்சமாகும்.

நாள், நேரம். அமாவாசை நாட்களில், அதிலும் ஆடி, தை அமாவாசைகளில் இராமேசுவரம் வண்டிகள் மாவட்டத்தின் எல்லாச் சாலைகளிலும் தெரியும். ஏர்வாடி சந்தனக்கூடு நாட்களும் அப்படியே. அவற்றையும் வார இறுதியையும் தவிர்த்துவிட்டு, வாரத்தின் நடுநாட்களில் காலை 10 மணி முதல் எடுங்கள். உங்கள் கவலை பள்ளிக்கூடம் என்பதால், பள்ளி தொடங்கும் நேரத்தையும் விடும் நேரத்தையும் தனித் தாளில் எடுங்கள். அந்த இரண்டையும் 10 மணிக் கணக்கோடு கலக்காதீர்கள். பிள்ளைகள் கடக்கும் நேரத்தில் வேகம் குறைகிறதா இல்லையா என்பதே உங்கள் மனுவின் உயிர்.

எத்தனை வண்டி? வேகங்களின் திட்ட விலக்கம், அதாவது சராசரியைச் சுற்றி அவை சிதறிக் கிடக்கும் அளவு, 8 கிலோமீட்டர் என்று கொண்டு, சராசரியில் 1.5 கிலோமீட்டருக்கு மேல் பிழை கூடாது என்றால், 95 சதவீத நம்பிக்கைக்கான எண்ணாகிய 1.96ஐ 8ஆல் பெருக்கி 1.5ஆல் வகுத்து வர்க்கப்படுத்த வேண்டும்: 109.3, அதாவது 110 வண்டிகள். ஆனால் வேகக் கட்டுப்பாட்டுக்குப் பொறியாளர்கள் பார்ப்பது சராசரியை அல்ல, 85ஆம் சதமான வேகத்தை. அதாவது நூற்றில் 85 பேர் எந்த வேகத்திலோ அதற்குக் குறைவாகவோ போகிறார்களோ அந்த வேகம். அதை அதே துல்லியத்தில் அறிய ஒன்றரை மடங்கு வேண்டும், ஏறத்தாழ 170. ஒவ்வொரு திசைக்கும் தனியாக. சாலையை வடிவமைக்க 98ஆம் சதமானத்தை எடுப்பார்கள். அது உங்கள் வேலை இல்லை.

கணக்கு எப்படி என்று காட்ட ஒரு கற்பனை எண்: 120 வண்டிகளில் 94 வண்டிகள் 60 வரையும், அடுத்த 14 வண்டிகள் 60க்கும் 65க்கும் இடையேயும் போயின. 120இல் 85 சதவீதம் 102. 60க்கு மேல் இன்னும் 8 வண்டி வேண்டும். 14இல் 8 பங்கு, 5 கிலோமீட்டர் இடைவெளியில் 2.9. ஆக 85ஆம் சதமானம் 62.9. வகைவாரியாகவும் போட்டுப் பாருங்கள். கார்களையும் ஆட்டோக்களையும் ஒரே வரைபடத்தில் போட்டால் இரண்டு திமில் வரும். அதன் நடுவில் விழும் சராசரி எந்த வண்டியின் வேகமும் அல்ல.

பயண நேரம் பற்றி யாராவது கேட்டால் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். 40இல் ஒன்று, 60இல் ஒன்று போனால் சாதாரண சராசரி 50. அதே தூரத்தை இரண்டும் கடக்கும் நேரத்தை வைத்துப் பார்த்தால் 48தான். இப்படிக் கிடைப்பதற்கு இடச் சராசரி என்று பெயர்; வேகங்கள் வேறுபடும்போது அது சாதாரண சராசரிக்கு எப்போதும் கீழே இருக்கும்.

கருவியே கிடைக்காத ஊர்கள் கைக்கடிகாரத்தை நம்புவது உண்டு. 50 மீட்டர் அளந்து, தாண்டும் நேரத்தைப் பிடிப்பது. 60இல் போகும் வண்டி அதை 3 நொடியில் கடந்துவிடும், கை 0.2 நொடி பிந்தினாலே 4 கிலோமீட்டர் பிழை. நீளத்தைக் கூட்டினால் பிழை குறையும்; ஆனால் ஒருவரால் இரு முனையையும் பார்க்க முடியாமல் போகும்.

உங்கள் எண்கள் யாருக்கும் அபராதம் போடப் பயன்படாது, அந்த நோக்கத்தில் வண்டி எண்ணையும் எழுதாதீர்கள். அமலாக்கத்துக்குப் பயன்படும் ரேடார் கருவிகள் சரிபார்க்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும் என்று சட்டமுறை எடையளவு விதிகள் 1 ஜூலை 2025 முதல் சொல்கின்றன. ஆய்வுக்கும் அந்த ஒழுக்கத்தின் ஒரு சாயல் இருந்தால் நல்லது: கருவியின் சான்றிதழ் நகல், இசைக்கவைச் சோதனை எழுதிய தாள், நின்ற இடத்தின் வரைபடம், மூலத் தாள்களின் நகல். இவை நான்கும் இணைந்த மனுவை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவில் ஒதுக்கிவைப்பது கடினம்.

கேட்கும்போது வேகத்தடை என்று மட்டும் கேட்காதீர்கள். தேசிய நெடுஞ்சாலைகளில் வேகத்தடை போடுவதை மத்திய அமைச்சகமே ஏற்பதில்லை. சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரசின் வழக்கமான வட்ட வடிவத் தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது, 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கக் கணக்கிட்டது. 63இல் வரும் லாரிக்கு முன்னால் அதைத் திடீரென்று போட்டால் பள்ளி வாசலில் வேறு விபத்து நடக்கும். முதலில் எச்சரிக்கைப் பலகை, பிறகு அதிர்வுப் பட்டைகள், அதன் பிறகு கடக்கும் இடம் என்று வேகத்தைப் படிப்படியாக இறக்கச் சொல்லுங்கள். போட்ட மறுவாரமே போய் அளக்க வேண்டாம்; புதுசு என்பதால் எல்லோரும் மெதுவாகத்தான் போவார்கள். ஓரிரு மாதம் கழித்து, அதே கம்பத்துக்குப் பக்கத்தில், அதே கிழமை, அதே நேரம், அதே கருவியோடு நின்று, முன்பு எடுத்த அளவுக்கே வண்டிகளை எடுத்து, இரண்டு 85ஆம் சதமானங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.